கல்லறைக்கும் தவணை உண்டு

இந்த நாட்டில் செத்தவர்களுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சேமக்காலை வாசலில் பச்சைப் பூவாளிகள் வரிசையாகத் தொங்கும். சனிக்கிழமைகளில் சுவிஸ்காரர் கையுறை போட்டு, முழங்காலில் நின்று கல்லறையில் பூக்கன்று நடுவார்கள். பிறகு பக்கத்து வாங்கிலில் உட்கார்ந்து சான்ட்விச் சாப்பிடுவார்கள். முதல் தடவை கண்டபோது எனக்குத் திகைப்பு. ஊரில் சேமக்காலைக்குள் எச்சில் விழுங்கவே யோசிப்போம். இப்போது நானும் பழகிவிட்டேன். மரியதாஸ் அண்ணைக்கு மாதம் இரண்டு தரம் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. ஒரு தரம் தவறினாலும் மனுசன் தாகத்தோடு கிடக்கிறாரே என்று நெஞ்சு அடிக்கும். நான் அப்படிப்பட்டவன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, ஏறிய ட்ரெயினை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன்.

மரியதாஸ் அண்ணை மன்னார்க்காரர். டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நானும் அவரும் கோப்பை கழுவினோம். பிறகு சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸ பக்கம், ஒரே அறையில் ஏழு பேராக இருந்தோம். வேதக்காரர் மூன்று, சைவக்காரர் நாலு. ஒரு நாள் காலை, துப்புரவு வேலைக்குப் போகிற ட்ராமிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஊரில் சண்டை; மன்னாருக்குப் பாதை பூட்டு; உடலை அனுப்ப வழியில்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். ஆறு பேரும் கையைத் தூக்கினோம்.

அதற்கு முன் எங்களில் யாரும் இங்கே ஒருவரையும் புதைத்ததில்லை. பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றார் அடக்கம் செய்ய வந்த கறுப்பு உடுப்புக்காரர். எங்கள் அறை நல்லையா அண்ணை, நெற்றியில் திருநீறோடு நின்றவர், வெடித்துவிட்டார். “தள்ளிக்கொண்டு போறதுக்கு இதென்ன சாமான் வண்டிலோ? தூக்கடா தோளிலை!” தூக்கினோம். அந்த மனுசர் “நைன், நைன்” என்று பின்னால் ஓடிவந்து, கடைசியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களோடு நடந்தார். கல்லில் பெயரைத் தமிழில் வெட்டச் சொன்னோம். வெட்டியவருக்குக் கடைசிப் புள்ளி பொருட்டாகத் தெரியவில்லை. “பாத்தியே, மரியதாஸ எண்டு ஆளைச் சிங்களவனாக்கிப் போட்டாங்கள்” என்று நல்லையா அண்ணை பெயின்ட்டால் தானே புள்ளி வைத்தார். அன்றுதான் அந்த நகரத்தில் நாங்கள் சிதறிக் கிடந்த ஆட்கள் இல்லை, ஒரு சனம் என்று தெரிந்தது. தமிழ்ப் பூசை கேட்டுப் பாதிரியாரிடம் போனதும், யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் கூடுவது என்று பேசிக்கொண்டதும் அதற்குப் பிறகுதான். புதிதாக வருகிறவர்களை அங்கே கூட்டிப்போய், “இவர்தான் இஞ்ச எங்கட முதல் ஆள்” என்று காட்டுவோம்.

இந்த வசந்தத்தில் மரியதாஸ் அண்ணையின் கல்லறை வரிசைக்கு முன்னால் ஒரு பலகை நட்டிருந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். என் ஜெர்மன் சமையலறையில் படித்தது. பலகையில் தெரிந்த ஒரே சொல் ‘அவுஃப்ஹேபன்’. டாவோஸ் செஃப் மிஞ்சிய இறைச்சியைக் காட்டி நாளுக்குப் பத்துத் தரம் அதையே சுவிஸ் பேச்சில் சொல்லுவார், “ஊஃப்ஹேபே!” என்று. எறியாதே, எடுத்து வை. ஆகவே கல்லறைகளைப் பத்திரமாக வைத்திருக்கப் போகிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். சேமக்காலை என்றாலே சேமித்து வைக்கிற இடம்தானே? தோட்டக்காரரிடமும் கேட்டேன். “யா, யா, அவுஃப்ஹேபன். அல்லெஸ்.” எல்லாமாம்! அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னேன். மனுசர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மன்னாரில் மரியதாஸ் அண்ணையின் தமக்கை பிலோமினா அக்காவுக்கு உடனே போன் எடுத்தேன். “மாதாவே! கவர்மெண்டே வைச்சுப் பாக்குதோ? இஞ்ச உயிரோட இருக்கிறவனைப் பாக்கவே ஒரு கவர்மெண்டைக் காணேல்லை, தம்பி!” என்றா. அடுத்த ஞாயிறு நன்றிப் பூசையும் ஒப்புக்கொடுத்தா.

பலகையைப் படம் எடுத்திருந்தேன். என் மகள் ஷாரோன் பிறந்ததிலிருந்து இங்கேதான். படத்தை அவளிடம் காட்டினேன்.

“அப்பா, இது வைச்சிருக்கிறதில்லை. எடுக்கிறது.”

“என்னத்தை?”

“கல்லறையை. தவணை முடிஞ்சுதாம். வரிசை முழுக்க எடுக்கினம்.”

“விசர்க்கதை கதையாத. அது எடுத்து வைக்கிறது.”

“அந்தச் சொல்லுக்கு ரெண்டு கருத்தும் இருக்கு அப்பா.”

செத்தவனுக்குத் தவணையா? விசாவுக்குத் தவணை, வீட்டுக்குத் தவணை என்று பயந்து பயந்தே கிழவனானேன். மண்ணுக்குள்ளும் இருக்கும் என்று நினைக்கவில்லை. அதைவிட, எடுக்கப் போகிறவனுக்கே கை கொடுத்து நன்றி சொல்லியிருக்கிறேன்!

மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் அமைதியாகச் சொன்னார்: இருபது வருடம் எப்போதோ கடந்துவிட்டது, தனிக் கல்லறைக்கு நீடிப்பு இல்லை, சுவிஸ்காரருக்கும் இதே சட்டம்தான். எலும்பு அப்படியே கிடக்கும், மேலே புல் விதைப்பார்கள். கல் வேண்டுமென்றால் மாத முடிவுக்குள் எடுக்கலாம்.

அக்காவுக்குச் சொல்ல ஒன்பது நாள் எடுத்தது.

“அக்கா, நான் பிழையா விளங்கிப்போட்டன்.”

“தோண்டி எடுக்கினமோ?”

“இல்லையக்கா. ஆள் அங்கதான். கல்லைத்தான்.”

“பேர் இல்லாமலோ கிடக்கப்போறான்?”

“ஓம்.”

பிறகு கேட்டா, “நீயும், செத்தா உனக்கு அங்கதான் எண்டு சொன்னனியெல்லோ, தம்பி. இனி எங்க?”

“கல்லை நான் எடுத்து வைக்கிறன் அக்கா” என்றேன்.

கல்லை டீட்டிகோனில் இருக்கும் எங்கள் வீட்டுக் கெல்லருக்குக் கொண்டுவந்தோம். கெல்லர் என்பது நிலக்கீழ்ச் சாமானறை. பனிக்கால டயர்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே சாய்த்து வைத்தேன். மனைவி அதற்குப் பிறகு தனியாக அரிசி எடுக்கப் போவதில்லை.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போனேன். ஒரே புல். பாதையிலிருந்து அடி வைத்து எண்ணினேன்; மூன்று தரமும் மூன்று இடம் வந்தது. வேறு யாரோ ஒருவரின் நெஞ்சில் திரி வைத்துவிடுவேனோ என்று பயம். திரும்பி வந்து கெல்லருக்குள் இறங்கினேன். கல்லில் பெயர் இருந்தது. கதவில், நெருப்பு மூட்டத் தடை என்று எழுதியும் இருந்தது. படியடியில் நின்றபோது அக்காவின் போன்.

“நான் கோயிலடியில கொளுத்திப்போட்டன். நீ கொளுத்தினனியோ?”

“ஓம் அக்கா” என்றேன். என் கையில் திரி கருகாமல் வெள்ளையாகவே இருந்தது.