மேடத்தின் வீட்டுக்காரர்

தேசியப் பூங்காவில் அவள் வகித்த பதவியின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ரேஞ்சர் பணிகளுக்கும் அவசர சேவைகளுக்கும் தலைமை அலுவலர். புரியும்படி சொன்னால், அந்தக் காட்டில் யாருக்கு என்ன ஆனாலும் அது அவள் தலையில்தான் விடியும். மலையேறப் போனவர் காலை உடைத்துக்கொள்வார், படம் பிடிக்கப் போனவர் ஆற்றில் விழுவார், யாரோ ஒரு புண்ணியவான் அணைக்காமல் போட்ட சிகரெட்டில் ஒரு சரிவே பற்றி எரியும். எல்லாவற்றுக்கும் கட்டுப்பாட்டு அறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து ஆள் அனுப்புவது அவள். சின்ன ரேஞ்சர் முதல் ஆம்புலன்ஸ் டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் மேடம். அவள் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான்.

இரண்டு பேரும் ஒன்றாக ரேஞ்சர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்குப் பரீட்சை எழுதுகிற மூளை, அவருக்குக் காடு சுற்றுகிற கால். அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். அவர் ஒரு படிகூட ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தார். "ஃபைலைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருது, ஆளை விடு" என்பார். கடைசியில் அவள் அவருக்கே மேலதிகாரியானாள். அன்று முதல் ரேடியோவில் "சொல்லுங்க மேடம்" என்று ஒழுங்காகப் பேச ஆரம்பித்தார். இளவட்டங்களுக்குக் கேட்கவா வேண்டும்?

"என்ன அண்ணே, வீட்டுலயும் மேடம்தானா?"

"இங்கயாவது சாயங்காலம் டூட்டி முடியும்டா" என்பார். அவளும் அதைக் கேட்டுக் கேட்காத மாதிரி சிரித்துக்கொள்வாள்.

அவருக்கு வரிசை என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆள் காணாமல் போனால், ஒருவரை ஒருவர் பார்க்கிற தூரத்தில் வரிசையாக நின்று, புதர் புதராகத் தேடிக்கொண்டே முன்னேறுவார்கள். அந்த வரிசை கோணாமல் இருந்தால் நடுவில் அவர் நிற்கிறார் என்று அர்த்தம். விசில் ஊதியதும் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், மூச்சு விடுகிற சத்தம்கூட வரக் கூடாது. தொலைந்தவர் எங்கிருந்தாவது முனகினால் கேட்கவேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூட அவருக்கு மூக்கு மேல் கோபம் வரும். தலைமையிலிருந்து 'தேடல் முடிந்தது, எல்லாரும் திரும்பலாம்' என்ற வார்த்தை வரும்வரை வரிசையை விட்டு வரக் கூடாது என்பதிலும் அப்படித்தான். ஒருமுறை அவருடைய ரேடியோவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. மற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தபிறகும் மனுஷன் கொட்டுகிற மழையில் ஒரு பாறை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஆள் அனுப்பித்தான் கூட்டிவந்தார்கள்.

ஓய்வுபெற்றபின் அவருக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு குளியலறை எந்தப் பக்கம் என்று மறந்தார். பெற்ற மகளைப் பார்த்து "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டபோது, மகள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆனால் சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் மனைவியின் ஜீப் வந்து நின்றதும் முகம் மலர்ந்து "வந்துட்டியா" என்பார். நாள் முழுக்க வேறு பேச்சு இல்லாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை வரும். அவள் அதற்காகத்தான் அன்றாடம் வீடு திரும்பினாள் என்று சொன்னால் மிகையில்லை.

"அம்மா, இனிமே உன்னால முடியாது. நல்ல ஹோம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்" என்று மகள் போனில் நச்சரிப்பாள்.

"அவருக்கு என்னைத் தெரியுதுடி. தெரியற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

அப்படிச் சொல்லித்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் விடிந்தும் விடியாததுமாக ஒரு பள்ளி ஆசிரியையைக் காணவில்லை என்று தகவல் வந்தது. அவள் அவசர அவசரமாகக் கிளம்பினாள். போகிற அவசரத்தில், சமையலறை அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த இன்னொரு வாக்கி-டாக்கியை அணைக்காமல் விட்டுவிட்டாள். ஆசிரியை ஓடைக்குப் பக்கத்தில் கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தார், மதியத்துக்குள் கிடைத்துவிட்டார். அவள் ரேடியோவில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு, தேடலை முடித்தாள். போனவர்கள் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள் என்ற நிம்மதியோடு ஒரு டீ சொன்னாள். டீ வருவதற்குள் வீட்டிலிருந்து போன் வந்தது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த வேலைக்கார அம்மா பேசினார்.

"அம்மா, ஐயாவைக் காணோம்மா. தூங்கறாருன்னு நினைச்சு பின்னாடி துணி துவைச்சுக் காயப்போட்டுட்டு வந்து பார்க்கறேன், கட்டில் காலியா கிடக்கு."

எத்தனையோ பேருடைய மனைவிகளை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்லியவள்தான். இப்போது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த துணை அலுவலர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மேடம், சொந்தக்காரங்க தேடலை நடத்தக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதான்."

"விதி சரிதான். நீங்களே நடத்துங்க. நான் சும்மா ரேடியோகிட்ட உக்காந்துக்கறேன்."

சும்மா உட்கார்ந்தாளா? துணை அலுவலர் பெயருக்கு நடத்தினார், அவள்தான் வாய் ஓயாமல் ஆள் அனுப்பினாள். மறதிக்காரர்கள் பழைய வீட்டைத் தேடிப் போவார்கள் என்பது அவர்கள் எல்லோரும் படித்த பாடம். கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்த காவல் குடில் தெற்குப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெரிய கூட்டத்தை அங்கே அனுப்பினாள். வீட்டைச் சுற்றியுள்ள காட்டிலும் ஓடைப் பக்கத்திலும் சின்ன வரிசை ஒன்று விசில் ஊதி ஊதித் தேடியது. ஊதிவிட்டு "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டார்கள். ஒரு பதிலும் இல்லை. இருட்டியது. பனி இறங்கியது. அந்தக் குளிரில் ஸ்வெட்டர்கூட இல்லாத ஒரு கிழவர் விடியும்வரை தாங்குவாரா என்று மற்றவர்கள் அவளிடம் கேட்கவில்லை. அதற்குப் பதில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

காலையில் முகம் கழுவிவிட்டு வாருங்கள் என்று துணை அலுவலர் அவளை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பினார். சமையலறைக்குள் போனவள் அப்படியே நின்றாள். அலமாரியில் இருந்த வாக்கி-டாக்கி பேசிக்கொண்டிருந்தது. ஓடைப் பக்கம் ஆள் போங்கள், வரிசையை விரியுங்கள் என்று அவளுடைய ஆட்களின் குரல் தெளிவாக வந்தது. அவள் படுக்கையறைக்கு ஓடி அலமாரியைத் திறந்தாள். அவருடைய பழைய சீருடைச் சட்டை தொங்கிய ஹேங்கர் வெறுமனே இருந்தது.

மனுஷன் தொலைந்துபோகவில்லை, டூட்டிக்குப் போயிருக்கிறார். நேற்று காலை ஆசிரியையைக் காணோம் என்று ரேடியோ சொன்னதைக் கேட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, வேலி தாண்டி, வரிசையின் ஏதோ ஒரு மூலையில் போய் நின்றிருக்கிறார். தேடல் முடிந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் அங்கே இருப்பதே தெரியாதபோது யார் சொல்வார்கள்? இரவெல்லாம் அவரைக் கூப்பிடுவதற்காக விசில் ஊதினார்களே, ஒவ்வொரு விசிலுக்கும் அவர் நின்ற இடத்தில் நின்று, வாயை இறுக மூடிக்கொண்டு, காணாமல் போனவரின் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்திருப்பார். அண்ணே என்றால் அவருக்கு என்ன? ஊரில் எல்லோரும் அண்ணன்தான். பதில் சொல்லக் கூடாது என்று அவரே பயிற்சி கொடுத்த ஆட்கள் அவரிடமிருந்து பதிலை எதிர்பார்த்து இரவைக் கழித்திருக்கிறார்கள். அவர் பக்கத்தில் அத்தனை வருஷம் படுத்தவளுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டாமா? தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜீப்பை அவளே ஓட்டிக்கொண்டு ஓடைக்கு மேலே இருந்த மேட்டுக்குப் போனாள். துணை அலுவலரும் ஆட்களும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். அவள் எல்லா என்ஜினையும் நிறுத்தச் சொன்னாள், விசிலையெல்லாம் பையில் போடச் சொன்னாள். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். என்னங்க என்று கதறவேண்டும்போல் இருந்தது. அப்படிக் கூப்பிட்டால் வர மாட்டார் என்று தெரிந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தினமும் பேசுகிற குரலில் பேசினாள்.

"தலைமையிலிருந்து பேசறேன். ஆள் கிடைச்சாச்சு. தேடல் முடிந்தது, எல்லாரும் திரும்பலாம்."

ஒன்றும் அசையவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அப்போது ஓடைக்கு அந்தப் பக்கம், நேற்று ஆசிரியையைத் தேடிய வரிசை முடிந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புதர் விலகியது. உதடு நீலம் பாரித்து, பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு, ஒரு செருப்பு மட்டும் காலில் இருக்க, வீட்டுக்காரர் தள்ளாடித் தள்ளாடி மேடேறி வந்தார். ஓடிப் போய்த் தாங்கப் போனவர்களை விலக்கிவிட்டு நேராக அவள் முன்னால் வந்து சல்யூட் அடித்தார்.

"என் பக்கத்துல கிடைக்கலை மேடம். ஓடை வரைக்கும் பார்த்துட்டேன்."

"வேற பக்கத்துல கிடைச்சிட்டாங்க. கால் சுளுக்குதான்."

"உசிரோடவா?"

"உசிரோடதான்."

அவர் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். துணை அலுவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவள் கம்பளியைப் போர்த்தி, அவர் கன்னத்தில் கை வைத்தாள். அவர் கூச்சத்தோடு ஓரடி பின்வாங்கினார்.

"மேடம், எங்க வீட்டுக்கு மட்டும் ஒரு தகவல் சொல்லிடுங்க. ராத்திரி பூரா தூங்காம இருந்திருப்பா. கோவக்காரி, ஆனா பயந்த சுபாவம்."

"சொல்லிடறேன்" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

மருத்துவமனையில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் "வந்துட்டியா" திரும்பி வரவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் இப்போது எழுந்து நின்று "வாங்க மேடம்" என்பார். வீட்டுப் புடவையில் அவள் தட்டை நீட்டினால் தொட மாட்டார், யாரோ ஒரு பெண்பிள்ளை என்று ஒதுங்கி உட்கார்ந்துகொள்வார். சீருடையில் வந்து "சாப்பிட்டுட்டு ரெஸ்ட் எடுங்க" என்றால் மறுபேச்சு கிடையாது, மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். அதனால் அவள் பணி ஓய்வு பெற்ற பிறகும் வேளைக்கு வேளை சீருடையை மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில், சமையலறையில், பெல்ட்டும் பேட்ஜுமாக அவள் நின்றதைப் பார்த்து, ஊரிலிருந்து வந்த மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா கூத்து இது? உன்னைத் தெரியற வரைக்கும் வெச்சுக்கறேன்னுதானே சொன்னே? இப்பதான் தெரியலையே."

"ஆமா. தெரியலை."

"நீ யாருன்னு ஒரு தடவையாவது எடுத்துச் சொல்லிப் பார்த்தியா?"

அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லாம இருப்பேனா? ஒருநாள் பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, நான்தாங்க உங்க பொண்டாட்டின்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"மெதுவா கையை உருவிக்கிட்டாரு. 'தப்பா எடுத்துக்காதீங்க மேடம், எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது'ன்னாரு."

உள்ளே அவர் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.