கடைசி அறையை முதலில் திறந்தவர்: ஒரு கையெழுத்துக்காகக் குத்தாலத்திலிருந்து தஞ்சாவூர் வரை

முதலில் மன்னித்துவிடுங்கள். இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், படகுத்துறை, பஸ் நேரம் என்றுதான் எழுதியிருக்கிறேன். சொந்தப் பிரச்சினையை இங்கே கொண்டுவந்து கொட்டும் பழக்கம் எனக்கில்லை. இறங்குகிற இடம் வந்தால்கூட, வேறு யாராவது "இறங்கணும்" என்று குரல் கொடுக்க மாட்டார்களா என்று காத்திருக்கிற ஆள் நான். ஆனால் சிறைகளில் தன்னார்வ வேலை செய்வது எப்படி, அதற்கு நிதி கேட்பது எப்படி என்று மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். போன செவ்வாய்க்கிழமை நான் போனது அப்படியொரு பயணம்தான்.

விஷயம் இதுதான். நான் வேலை பார்க்கும் சின்ன அமைப்பு, பெண்கள் சிறையில் தையலும் மனு எழுதுவதும் சொல்லித்தருகிறது. சிறைப் பணியாளர்களுக்குத் தலைமைப் பயிற்சிப் பாடத்திட்டம் தயாரிக்க ஒரு அறக்கட்டளை நிதி தருவதாக அறிவித்தது. புதிதாக வரும் வார்டர்களுக்கு அணிவகுப்பும் சட்டமும் சொல்லித்தருகிறார்கள். நாற்பது பெண்களை ஒரு குழாயடியில் அடிதடி இல்லாமல் நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதைத்தான் எழுதினோம். நாற்பத்தாறு பக்கம். துறையின் அனுமதியும் வந்துவிட்டது. பாக்கி ஒன்றுதான்: கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் ஆதரவுக் கடிதம். அது இல்லாமல் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

காலை 6.40க்குக் குத்தாலத்தில் பஸ். கும்பகோணம் 24 கிலோமீட்டர், 23 ரூபாய். அங்கே பதினைந்து நிமிடம் நின்று தஞ்சாவூர் பஸ் ஏறினேன். பாபநாசம் வரை 15 கிலோமீட்டர், 14 ரூபாய். சாலையின் இரண்டு பக்கமும் சம்பா நடவு பாதி முடிந்திருந்தது. பாபநாசம் வந்தபோது எனக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். இதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்தில் பார்க்கப் போனது ஒரு பெண் வார்டரை. இங்கே அவருக்கு மல்லிகா என்று பெயர் வைத்திருக்கிறேன், பணியில் இருப்பவர். விண்ணப்பத்தில் சொந்தப் பெயர்தான், அவர் சம்மதத்தோடு. எங்கள் பாடத்திட்டத்தின் முக்கால் பங்கு அவர் செய்து பார்த்தது. அன்று அவருக்கு வார விடுமுறை.

"என்னம்மா, மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு? மறுபடியும் வாயத் திறக்காம பஸ்லயே உக்காந்திருந்தியா?"

"ஆமாக்கா."

"நீ உள்ள வந்தா கடைசி ரூம்தான் உனக்கு. பக்கெட்டத் தூக்கிக்கிட்டு ஓரமா நிப்ப."

கடைசி ரூம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த சிறையில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். வாசல் பக்கத்து அறையிலிருந்து வரிசையாகத் திறப்பார்கள். கடைசி அறைக்காரிகள் வரும்போது குழாய் காற்றை ஊதும். தினமும் சண்டை, தினமும் தண்டனை. மல்லிகா அக்கா முத்துப்பேட்டைப் பக்கம், கடைமடையில் பிறந்தவர். வாய்க்கால் முடிகிற இடத்து வயல்கள். முறை வைத்துப் பாய்ச்சும்போது கடைசி வயலில் தொடங்கி மேலே வருவதுதான் அவர் ஊர் வழக்கம். மேல்மடைக்காரனுக்குத் தண்ணீர் கண்ணெதிரே போகும், அவனால் காத்திருக்க முடியும். கடைசியில் இருப்பவனுக்கு வந்தால்தான் உண்டு.

அதையே சிறையில் செய்தார். கடைசி அறையை முதலில் திறந்தார். அதில் ஒரு தப்பும் செய்தார். அதையும் பாடத்தில் எழுதச் சொன்னார். "முறை பாக்குற பொறுப்ப, இருக்கிறதுலயே அதிகமா சத்தம் போடுறவகிட்ட குடுத்துட்டேன். நாலே நாள்ல பிஸ்கட்டுக்கு முறையை வித்துட்டா! அப்பறம்தான் புரிஞ்சுது. முறை பாக்குறவ கடைசியா குளிக்கணும். சாவி வெச்சிருக்கிற நான் கேட் பக்கத்துல இல்ல, கடைசி ரூம் வாசல்ல நிக்கணும்."

அதன்பிறகு குழாயடிச் சண்டைக்காக அவர் யாரையும் தண்டனைக்கு எழுதவில்லை.

காலை 11.10க்கு அங்கிருந்து தஞ்சாவூர். 25 கிலோமீட்டர், 22 ரூபாய். புதிய பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ 120 கேட்டார், 100க்கு வந்தார். ஆதரவுக் கடிதம் கேட்கப் போனது ஓய்வுபெற்ற ஒரு கண்காணிப்பாளரிடம். அவர் வீட்டில் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர் முழுவதையும் படித்தார். அதற்கு இன்றும் நன்றி.

"அப்பா என்ன பண்றார்?"

"குத்தகைக்குச் சாகுபடி சார்."

"வீட்ல முதல் பட்டதாரியா? சந்தோஷம். நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா வார்டர் போய் லீடர்ஷிப் சொல்லிக்குடுக்கறதா? அவங்க வேலை சொன்னதைச் செய்யறது. படிச்சது பிளஸ் டூ. அந்தப் பேரை எடுத்துட்டு 'ஒரு பெண் காவலர்'னு போட்டுக்க. ஆசிரியர்னு என் பேர் இருக்கட்டும், நிதி குடுக்கறவன் மதிப்பான். உன் பேரை நன்றிப் பக்கத்துல போட்டுடலாம். இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பேனா மூடியைத் திறந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இப்படித்தான் நடக்கும் என்று நம்புகிறவர். நானும் இருபத்து மூன்று வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"வேண்டாம் சார்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"கையெழுத்து இல்லாம உனக்கு நிதி வராதும்மா."

"தெரியும் சார். ஆனா கடைசி ரூமை முதல்ல திறந்தது நீங்க இல்ல. அவங்க."

மோர் டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தேன்.

மாலை 4.15 பஸ். பாபநாசம் வருவதற்கு முன்பே எழுந்து நின்று "பாபநாசம் இறங்கணும்" என்றேன். கண்டக்டர், "கேட்டுச்சும்மா, டிரைவருக்கும் கேட்டிருக்கும்" என்றார்.

நடந்ததைச் சொன்னதும் மல்லிகா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "லூசு. என் பேரை எடுத்துட்டு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல? வர்ற பிள்ளைங்களாவது படிக்கும்." காபி போட உள்ளே போனவர், அடுப்படியிலிருந்து கேட்டார்: "ஏம்மா, இனிஷியல் சரியா போட்டிருக்கியா?"

சரியாகத்தான் போட்டிருக்கிறேன். அதை எடுக்கப் போவதில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சிறைக்குள் போக எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி வரும்வரை காத்திருங்கள். செல்போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். காவலர்களை விடுமுறை நாளில் பாருங்கள், அன்றுதான் பேசுவார்கள். ஆதரவுக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். நான் செய்த தப்பு அது. போக வர 118 ரூபாய் பஸ்ஸுக்கு, இருநூறு ஆட்டோவுக்கு, காலை 6.40லிருந்து இரவு எட்டு வரை ஒரு நாள். பாடத்திட்டம் யாருடைய வேலை என்று கேட்டால் யார் செய்தார்களோ அவர்கள் பெயரைச் சொல்லுங்கள், கேட்பவர் கையில் பேனா இருந்தாலும்.

இனி, முதல் வரியிலேயே கேட்க நினைத்துக் கூச்சப்பட்டு இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கடைசி நேரம். உங்கள் வீட்டில், தெருவில், உறவில் ஓய்வுபெற்ற சிறைக் கண்காணிப்பாளர் யாராவது இருந்தால் அந்த நாற்பத்தாறு பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் மட்டும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்துக் கேளுங்கள். அட்டையில் அவர் பெயர் வராது. நன்றிப் பக்கத்தில் முதல் பெயராக வரும். எந்த ஊர் என்று மட்டும் கீழே எழுதுங்கள், நானே அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறேன். இறங்குகிற இடத்தைச் சத்தமாகச் சொல்ல இப்போது எனக்கு வருகிறது.