சுவர் டாக்டர் ஒத்துக்கொண்ட தப்பு

சுவரில் காதை வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். அதனால் அவளுக்குச் ‘சுவர் டாக்டர்’ என்று பெயர். எதை இடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று யோசனை சொல்லிப் பிழைக்கும் இன்ஜினியர். பெரிய கம்பெனியில் மேலாளரோடு முட்டிக்கொண்டு வேலையை உதறிவிட்டு, வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தவள். வாய் நீளம், மனசில் ஒன்றும் நிற்காது. அவளும் கணவனும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடன் அடைத்த வீடு அது.

கொழுந்தன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவன்தான் நச்சரித்து ஒரு பாலிசி எடுக்க வைத்தான். அவள் சொன்ன யோசனையால் யாருக்காவது நஷ்டம் வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஈடு கட்டும். ஆனால் எது நடந்தாலும் முதலில் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவர்களைக் கேட்காமல் தப்பை ஒத்துக்கொள்ளவே கூடாது. இதை அவன் படித்துப் படித்துச் சொன்னான். அவளும் தலையாட்டினாள். தலையாட்டக் காசா பணமா?

பேக்கரிக்காரர் கடையைப் பெரிதாக்க நினைத்து, நடுச்சுவரை எடுக்கலாமா என்று கேட்டார். வழக்கம்போல் தட்டிப் பார்த்தாள். மாடி பூட்டிக் கிடந்தது. சாவி வர ரெண்டு நாளாகும் என்றார்கள். அவசரக்காரி, மாடியைப் பார்க்காமலே ‘எடுங்க’ என்று சொல்லிவிட்டாள். மேலே அதே இடத்தில் இன்னொரு சுவர் இருந்தது. அதன் பாரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது இந்தச் சுவர்தான். எடுத்த வாரமே மாடித்தளம் தொய்ந்து, அடுப்பின் மேல் காரை கொட்டியது. நல்லவேளை, அடியில் ஆள் யாரும் இல்லை. கடையைப் பூட்ட வேண்டியதாயிற்று.

சேதி கேட்டதும் ஓடினாள். மாவு மூட்டை மேல் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த பிறகு நிபந்தனையாவது மண்ணாவது. “என் தப்புதாண்ணே. மாடியப் பாக்காம சொல்லிட்டேன்,” என்று அழுதாள்.

இதைக் கேட்ட கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டது தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். பேக்கரிக்காரருக்கு நஷ்டஈடு வராது. கைக்காசில் கட்டப் போனால் இவளுக்கு இருக்கிற ஒரே வீடும் போகும்.

“அண்ணி, நீங்க சொன்னது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். விசாரிக்க ஆள் வர்றதுக்குள்ள அவர்கிட்டப் பேசிடுங்க.”

கடையையும் கெடுத்துவிட்டு, பொய் சொல்லுங்கள் என்று அவரிடமே போய்க் கெஞ்சுவதா? ஒரு நாள் முழுக்கப் புழுங்கினாள், பாவி. வேறு வழி தெரியாமல் மறுநாள் போனாள்.

கம்பெனி ஆள் அதற்குள் வந்துவிட்டுப் போயிருந்தார். பேக்கரிக்காரர் முகத்தில் தெம்பு திரும்பியிருந்தது.

“உங்கள விட்டுக் குடுக்கல தங்கச்சி. நேர்ல வந்து தப்ப ஒத்துக்கிட்டவங்கன்னு எழுதியே குடுத்துட்டேன். இப்படிப்பட்ட மனுஷிக்கு இல்லைன்னா சொல்லிடுவாங்க?”

திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும், “அப்ப நானே கெடுத்துட்டேனா?” என்றார்.

“நீங்க உள்ளதத்தான் சொன்னீங்க. வீட்ட வித்தாவது உங்க நஷ்டத்தக் கட்டிடுறேண்ணே.”

வாயில் வந்துவிட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, “எப்ப விப்பீங்க தங்கச்சி?” என்று கேட்டார்.