பத்து ரூபாய் என்று நான் கொடுத்த வெள்ளைக்காரி

முதலியார்பேட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரருக்கு ஆகாது. மிச்சத்தை முழுக்கப் பத்து ரூபாய் நாணயங்களாக என் உள்ளங்கையில் கொட்டிப் பழி தீர்த்துக்கொள்வார். எங்கள் ஊரில் அந்த நாணயத்தின் பிழைப்பே தனி. அரசாங்கம் செல்லும் என்கிறது, பாதிக் கடைகள் செல்லாது என்கின்றன. வாங்கியவன் அதை அடுத்தவன் தலையில் கட்டும்வரை அமைதியாக இருப்பதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டைப் பையைக் காலி செய்தபோது அவற்றில் ஒன்று மட்டும் உறுத்தியது. மற்றவற்றில் வெளி வளையம் மஞ்சள், நடுவில் வெள்ளி நிறம். இதில் நேர்மாறாக இருந்தது. ஒரு பக்கம் பெரிதாக ஒரு 2. மறுபக்கம் ஒரு வெள்ளைக்காரியின் முகம்.

"வெளிநாட்டுக் காசுங்க இது. எவனாவது இளிச்சவாயன் வரட்டும்னு எடுத்து வெச்சிருந்திருப்பான்" என்றாள் என் மனைவி.

தெருவுக்கு நாலு வீட்டில் பிரான்ஸ் பென்ஷன் வரும் ஊரில் ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்தவன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்கலாம். நான் கணக்குதான் போட்டேன். இரண்டு என்பது பத்தைவிடக் குறைவு. ஆக, எட்டு ரூபாய் நஷ்டம். என் பொருளாதார ஞானம் அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரிய மார்க்கெட்டில் நான் எப்போதும் பூ வாங்கும் அக்காவிடம் ஒரு முழம் மல்லி வாங்கினேன். முப்பது ரூபாய். மூன்று காசுகளை அடுக்கி, வெள்ளைக்காரியை நடுவில் ஒளித்து நீட்டினேன்.

"நோட்டா குடு தம்பி. இந்தக் காசை எவனும் வாங்க மாட்றான்."

அங்கேதான் எனக்குள் இருந்த தேசபக்தன் விழித்துக்கொண்டான். "இன்னாக்கா இப்படிச் சொல்ற? இது கவர்மெண்ட் காசு. வாங்க மாட்டேன்னா கேஸ் போடுவாங்க தெரியுமா? நம்மளே நம்ம காசை மதிக்கலன்னா வேற யாரு மதிப்பா?" என்று பேசினேன். பக்கத்தில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்த அம்மாகூடத் தலையை ஆட்டினாள். அக்கா பெருமூச்சு விட்டுக் காசுகளைப் பையில் போட்டுக்கொண்டாள். தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அந்த வெற்றி மறுநாள் காலை இட்லி சாப்பிடும்வரை நீடித்தது. பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவன் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான். வெள்ளைக் கையுறை போட்ட ஓர் ஆள் ஒரு காசை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, "உங்க பாக்கெட்ல இந்த ரெண்டு யூரோ காசு இருக்கா? அப்ப நீங்கதான் லட்சாதிபதி!" என்று கத்தினான். வெள்ளி வளையம், நடுவில் மஞ்சள், ஒரு வெள்ளைக்காரியின் முகம்.

பாதியில் எழுந்த என்னைப் பார்த்து, "வயிறு சரியில்லையா?" என்றாள் மனைவி. ஆமாம் என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

ஸ்கூட்டரில் போகும்போது ஒரே ஒரு யோசனை தெம்பு கொடுத்தது. பத்து ரூபாய்க் காசை எவனும் வாங்காத ஊர் இது. அக்கா அதை யார் தலையிலும் கட்டியிருக்க முடியாது. அந்தத் தெம்பில் மாடி ஒழுகலை அடைத்தேன், மனைவிக்கு இரண்டு வளையல் வாங்கினேன், மச்சானிடம் விஷயத்தைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் அந்த லட்சத்தில் முக்கால்வாசி செலவாகியிருந்தது.

"அக்கா, நேத்து ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் குடுத்த காசுல ஒண்ணு பூஜையில வெச்சது. அதைக் குடுத்துடு, வேற தர்றேன்."

அவள் பையை அவிழ்த்துச் சாக்கின் மேல் கொட்டினாள். ஏழெட்டுக் காசுகள். நான் கை நீட்டுவதற்குள் அவளே சரியானதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா? இதுல இன்னா சாமி இருக்குது? வெள்ளைக்காரி இல்ல இருக்கா!"

கதம்பத்தம்மா எட்டிப் பார்த்தாள். "மாதாவா இருக்கும்டி."

"மாதாவை எனக்குத் தெரியாதா? இது மாதா இல்ல."

"சரிக்கா, இருபது ரூபா வாங்கிக்க" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "ஐம்பது" என்றேன். அவள் கண் சுருங்கியது. "நூறு."

"பத்து ரூபா காசுக்கு நூறு ரூபா தர்றவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும். நீ பைத்தியம் இல்ல தம்பி."

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அது வெளிநாட்டுக் காசுக்கா. தெரிஞ்சேதான் உனக்குத் தள்ளிவிட்டேன்" என்றேன்.

"கேட்டுக்கடி! நேத்து இந்த ஆளு எனக்கு கிளாஸ் எடுத்தான். கவர்மெண்ட் காசாம், கேஸ் போடுவாங்களாம்!"

பூக்கடை வரிசை மொத்தமும் கேட்டுக்கொண்டது. அதோடு நான் கிளம்பியிருந்தால் மானம் மட்டும்தான் போயிருக்கும். ஆனால் காசு அவள் விரலில் மினுக்கிக்கொண்டிருந்தது. வீடியோவில் வந்தது இதே முகம்தானா என்று ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன். ஒலியைக் குறைக்க வேண்டும் என்பது பதற்றத்தில் தோன்றவில்லை. கையுறை ஆசாமி மார்க்கெட்டே அதிரும்படி, "அப்ப நீங்கதான் லட்சாதிபதி!" என்றான்.

கதம்பத்தம்மாவின் கையில் நூல் அப்படியே நின்றது. அக்கா காசைச் சுருக்குப்பையில் போட்டு, வாயை இழுத்து இறுக்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள். எதிர்வரிசைப் பூக்காரர்கள் தங்கள் கல்லாவைக் கொட்டி ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்க்கா" என்று கெஞ்சினேன். பையிலிருந்து எடுத்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காட்டினாள். கீழே போட்டால் நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன் என்ற பயம். நியாயமான பயம்தான்.

போட்டோவோடு நேராகப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களை சொல்தா என்போம். வருடத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. போனை ஒரு முழ தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆஸ்திரியா காசு. நீ வீடியோல பாத்தது வேற. அது ஒரு குட்டி நாட்டுல கொஞ்சூண்டு அடிச்சது. இது கோடிக்கணக்குல கிடக்குது. அங்க கடையில பாகெத் ரொட்டி வாங்கினா மிச்சத்துல இந்தம்மாதான் வருவா."

"அப்போ எவ்ளோ பெறும்ண்ணே?"

"ரெண்டு யூரோ. நம்ம பணத்துல இருநூறு ரூபா கிட்ட. ஆனா இங்க எவனும் சில்லறையா மாத்த மாட்டான். கெடைச்சா என்கிட்ட குடு, அடுத்த தபா போறப்ப காப்பி குடிச்சுக்கறேன்."

இருநூறு ரூபாய்ச் சரக்கைப் பத்து ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, அதற்கொரு சொற்பொழிவும் ஆற்றியவன் நான். சரி, லட்சம் போனால் போகட்டும், உண்மையையாவது அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று மறுபடி மார்க்கெட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளின் உண்மையான மதிப்பைச் சொல்வதற்காகவே நான் கிளம்பிப் போனது அந்த ஒரு முறைதான்.

"அக்கா, விசாரிச்சுட்டேன். அது சாதாரணக் காசு. லட்சம் எல்லாம் இல்ல."

அவள் தொடுப்பதை நிறுத்தவில்லை. "நேத்து செல்லும்னே. காலையில சாமி காசுன்னே. அப்புறம் வெளிநாட்டுக் காசுன்னே. உன் போனு லட்சம்னுச்சு. இப்ப ஒண்ணுமில்லன்ற. நாளைக்கு வந்து இன்னா சொல்லுவ தம்பி?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லலக்கா. இருநூறு ரூபா பெறும். இந்தா, முழுசா இருநூறு. உனக்கும் நஷ்டம் இல்ல, எனக்கும் இல்ல." இரண்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

அவள் தாள்களைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதம்பத்தம்மாவிடம் திரும்பினாள்.

"பாத்தியாடி? கேக்கறதுக்கு முன்னாடியே இருநூறை உருவறான். அப்ப லட்சம் நிச்சயம்தான்."

"ரெண்டா இருக்கும்" என்றாள் கதம்பத்தம்மா.

சுருக்குப்பையின் கயிற்றில் இன்னொரு முடிச்சு விழுந்தது. தாள்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். மீன் கடைப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். சொல்தா அண்ணனுக்குப் போன வருடம்தான் கண்ணில் ஆபரேஷன் ஆனது. போட்டோவும் அவ்வளவு தெளிவு என்று சொல்ல முடியாது. அதோடு, காசு கிடைத்தால் தன்னிடம் கொடுக்கச் சொன்னாரே, எதற்கு?