ஹெய்ட்டிக்காரரிடம் நான் கேட்ட பதினான்கு கேள்விகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வைகாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சுவிட்சர்லாந்தின் வில் நகரத்தில் நடந்தது இது. அங்கே எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் சேர்ந்து நடத்தும் விளையாட்டுக் கழகத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். கோடையில் தமிழ்க் கழகங்களுக்கிடையே நடக்கும் உதைபந்தாட்டப் போட்டிக்கு முதல் தடவையாகப் பெண் பிள்ளைகள் அணி ஒன்றை இறக்குவதென்று முடிவெடுத்திருந்தோம். என் மகளும் அதில் ஒருத்தி. பிள்ளைகள் தயார், மைதானமும் கிடைத்துவிட்டது, பயிற்சியாளர்தான் இல்லை.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், பொதி கட்டும் பகுதிக்கு ஹெய்ட்டி நாட்டுக்காரர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். நெடிய உருவம், வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். மதிய இடைவேளையில் அவரிடம் அணியைப் பற்றிப் புலம்பினேன். தான் முன்கள வீரனாக இருந்தவன் என்றும், பிள்ளைகளைத் தானே பழக்குவதாகவும் சொன்னார். பதினேழு வயதில் தன் நாட்டுத் தலைநகரில் தொடங்கி, வியட்நாம், பங்களாதேஷ், பின்லாந்து, கடைசியாக இந்த நாட்டின் பிரெஞ்சு பேசும் பக்கத்தில் ஒரு சின்னக் கழகம் என்று விரல் மடித்து எண்ணினார். அங்கேதான் முழங்கால் போனதாம்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் வேலைக்குப் போனதில்லை. ஹெய்ட்டியில் பிறந்தவருக்குப் பங்களாதேஷில் என்ன வேலை? வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் தேடினேன். ஓரிடத்தில் ஒரு பிறந்த வருடம், இன்னோரிடத்தில் இரண்டு வயது குறைவு. பெயரும் இரண்டு விதமாக இருந்தது. குழுப் படம் ஒன்று கிடைத்தது. அந்த மங்கலில் அது அவராகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

மறுநாள் பழைய படம், பதக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். நிலநடுக்கத்தில் வீடு விழுந்தபோது எல்லாம் போய்விட்டது என்றார். வசதியான நிலநடுக்கம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை எழுத இப்போது கூசுகிறது. அதோடு விட்டேனா? இழுபடுவது எப்போதும் அதே கால்தானா என்றுகூட ஒரு வாரம் ஒளித்துக் கவனித்தேன்.

"உங்களுக்கு ஆரிலதான் நம்பிக்கை? பிள்ளையள் பாவம், காத்துக்கொண்டிருக்குதுகள்" என்று மனைவி திட்டினாள். ஒரு நாள் விளையாடவிட்டுப் பார்ப்போம் என்றுதான் கழகத் தலைவர் அண்ணையும் சொன்னார். நான் விடவில்லை.

"பிள்ளையளின்ர விசயம் அண்ணை, விசாரிக்காமல் விடேலாது" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, பள்ளி விளையாட்டு மண்டபத்தின் உடை மாற்றும் அறையில் அவரை உட்காரவைத்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் தலைவர் அண்ணையும் நானும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையில் கொப்பித் தாள்கள். ஆறு வாரப் பயிற்சியைப் படம் படமாகக் கீறி வைத்திருந்தார். நான் அதைப் பார்க்கவேயில்லை. என் கையில் பதினான்கு கேள்விகள் இருந்தன.

ஜெர்மனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த வருடம், எந்த மாதம், அதற்கு முன் எங்கே, போகச் சொன்னது யார். பதிலை எழுதிக்கொண்டேன். பிறகு அதே கேள்விகளை முன்பின்னாக மாற்றிக் கேட்டேன். முதலில் வியட்நாமில் இரண்டு போட்டிப் பருவங்கள் என்றவர், இரண்டாம் தரம் ஒன்றரை என்றார். பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "முதலில் வேறு மாதிரிச் சொன்னீர்களே?" என்று பேனையால் தாளைத் தட்டினேன்.

அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா? ஒவ்வொரு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட வேண்டுமா?"

அதில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

இந்த நாட்டில் அகதியாக விண்ணப்பித்தவர்களுக்கு அந்த இரண்டு கேள்விகளும் தெரியும். விசாரணையில் நாம் சொல்வதை எழுதுவார்கள், மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டுவார், பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுவோம். முழங்கால் போய், ஒப்பந்தமும் போய், ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் அவரும் அதிகாரிக்கு எதிரே அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். நானும் இருந்தவன்தான். ஊரில் இராணுவம் என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது தை மாதம் என்று முதலில் சொன்னேன், அடுத்த விசாரணையில் மாசி என்றேன். நம்பத்தகாதவன் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு மாத வித்தியாசத்தால் நான்கு வருடம் மனைவியை இங்கே கூப்பிட முடியாமல் கிடந்தேன். இன்றைக்கும் என் அடையாள அட்டையில் இருப்பது, என்னைக் கூட்டிவந்த ஏஜென்ட் பொய்யாகப் போட்ட பிறந்த தேதி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவருடைய பிறந்த வருடத்தில் பிழை பிடித்தேன்.

"காணும் தம்பி, பேனையை வை" என்றார் தலைவர் அண்ணை. நான் வைப்பதற்குள் ஹெய்ட்டிக்காரர் எழுந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் கை கொடுத்து நன்றி சொல்லிவிட்டு நடந்தார். தாள்கள் மேசையிலேயே கிடந்தன.

திங்கட்கிழமை இடைவேளையில் அந்தத் தாள்களுடன் போய் அவர் முன் நின்றேன். செய்தது பிழை என்றேன், எனக்கும் அப்படி நடந்தது என்று என் கதையையும் சொன்னேன், வந்து பழக்குங்கள் என்று கெஞ்சினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது பிள்ளைகளுக்குப் போட்டது. நான் வரவில்லை. இதுவரை விளையாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் யாரும் என்னைச் சந்தேகித்ததில்லை" என்றார்.

அவருடைய படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாகவே பழகினார்கள். முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ஹெய்ட்டி மாமா ஏன் வரவில்லை என்று மகள் கேட்டாள். அப்பாவால்தான் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அவர் எத்தனை கோல் அடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் மேசைக்கு அந்தப் பக்கம், கேள்வி கேட்பவரின் கதிரை எனக்குக் கிடைத்தது. அன்றைக்கு, என்னை விசாரித்தவரை விட நான் ஒரு துளிகூட நல்லவனாக இருக்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.