அடையாறு பாலத்தில் நீராகாரம்

நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் அடையாறு பாலம் வரை வந்துவிட்டேன். மே மாத வெயில். பந்தயம் நடத்துகிறவர்கள் வழியில் ஒரு பானைத் தண்ணீர்கூட வைக்கவில்லை. அவரவர் வீட்டார் கொண்டுவர வேண்டுமாம். மற்றவர்களுக்கு அண்ணனோ மாமனோ சைக்கிளில் கூடவே வந்து சோடா நீட்டுகிறான். திருச்சியிலிருந்து தனியாக வந்த எனக்கு எவன் இருக்கிறான்?

பாலத்தோரம் மீன் விற்கும் அம்மாள் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

“இன்னா நைனா, இந்த வெயில்ல வேர்வையே காணோம்? குந்து.”

தன் தூக்குவாளியிலிருந்து உப்புப் போட்ட நீராகாரம் ஊற்றித் தருகிறாள்.

“கொஞ்சம் கொஞ்சமா குடி.”

“உக்காந்தா தோத்துருவேம்மா.”

“தோத்தா இன்னா, ஊட்ல அடிப்பாங்களா?”

வீட்டில் அடிக்கவும் ஆளில்லை. உட்கார்ந்து குடிக்கிறேன். மூன்று பேர் என்னைக் கடந்து ஓடுகிறார்கள். தாகம் அடங்கிவிட்டது. இருந்தும் இன்னொரு குவளை கேட்கிறேன்.