மூக்கி சொன்னா சரி

அந்த மீன் சந்தையில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மூக்கி என்றால்தான் தெரியும். மீனின் செவுளைத் தூக்கி ஒரு தடவை முகர்வாள். இது காலையில் பிடித்தது, இது நேற்றையது, இதை ஐஸில் போட்டு ஏமாற்றப் பார்க்கிறான் என்று போட்டு உடைத்துவிடுவாள். பக்கத்துக் கடைக்காரியின் மீனையே கெட்டது என்று சொல்லிச் சண்டை இழுத்தவள். அத்தனை திமிரையும் சந்தை பொறுத்துக்கொண்டது, அவள் சொன்னது ஒருநாளும் தப்பாததால். "மூக்கி சொன்னா சரி" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

சந்தைக்குப் பின்னால் கடலில் போய்க் கலக்கும் கால்வாய். அதன் அக்கரையில் எண்ணெய்க் கிடங்கு. கப்பலிலிருந்து எண்ணெய் இறக்கும் குழாய் ஒருநாள் வெடித்து, கிடங்குக்காரர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் கால்வாய் முழுக்கக் கறுத்துவிட்டது. பாவிகள், செய்வதையும் செய்துவிட்டு, அள்ளுவதற்கும் சந்தைச் சனங்களைத்தான் கூப்பிட்டார்கள். கையுறை இல்லை, முகமூடி இல்லை. ஆளுக்கொரு வாளி, அவ்வளவுதான். மீன் இல்லாத நாளில் வேறு என்ன செய்வது? மூக்கியும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளினாள். தலை சுற்றியது, கண் எரிந்தது, மூக்கில் ரத்தம்கூட வந்தது. ஒரு வாரம் கழித்து, "வாடை போயிடுச்சு" என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

தண்ணீர் மேலாகப் பார்த்தால் தெளிந்துதான் இருந்தது. ஆனால் கரைச் சேற்றில் கால் வைத்தால் குதிகாலைச் சுற்றி எண்ணெய்ப் படலம் பளபளவென்று கிளம்பும். நண்டு வளைகளில் நண்டு இல்லை. இறக்கை ஒட்டிப்போன கொக்கு ஒன்று பறக்க முடியாமல் கரையிலேயே கிடந்து செத்தது.

வீட்டில் சண்டை மூண்டது அப்போதுதான். கொழுந்தன் மனைவி, அதாவது மூக்கியின் ஓரகத்தி, மாசமாக இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்படி. மூக்கி கொண்டுவந்த கால்வாய் மீனைக் கழுவ எடுத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அக்கா, டீசல் நாத்தம் குடலைப் புரட்டுது. இதை எப்படித் திங்கிறது?"

"மசக்கைக்காரிக்குப் பச்சைத் தண்ணியே நாறும். யார்கிட்ட வந்துடி மீனைப் பத்திப் பேசுற? நான் தவழ்ந்ததே மீன் கூடைக்குள்ள."

"உங்க மூக்கு இருக்கட்டும். குழந்தைக்குக் குடுக்காதீங்க."

அந்த வார்த்தைக்காகவே மூக்கி தன் ஆறு வயது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரிய துண்டாகப் பார்த்து ஊட்டினாள். ஓரகத்தி பார்க்கும்படிதான் ஊட்டினாள்.

இரண்டொரு வாடிக்கைக்காரர்களும் முணுமுணுக்க ஆரம்பித்த சமயம், கிடங்கு மேனேஜர் சந்தைக்கு வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல், சேற்றைத் தாண்டித் தாண்டி வந்தார். பின்னாலேயே போனில் படம் பிடிக்க ஒரு ஆள்.

"மீன் நாறுதுன்னு யாரோ புரளி கிளப்புறாங்கம்மா. உங்க மூக்கு தப்பே பண்ணாதாமே? நீங்களே சொல்லுங்க."

அவரைக் கண்டாலே மூக்கிக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டித் தீர்த்திருப்பாள். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சோறு கொண்டுவந்த ஓரகத்தி எதிரில் நின்றுகொண்டிருந்தாள், கடைக்குள் வராமல், மூக்கைப் பொத்திக்கொண்டு. அவளுக்குக் காட்டுவதற்காகவே மூக்கி ஒரு மீனைக் கையில் எடுத்தாள். செவுளைத் தூக்கி நன்றாக இழுத்து முகர்ந்தாள்.

"ஒரு வாடையும் இல்ல. சுத்தமான மீன்."

மேனேஜர் கைகூப்பிவிட்டுப் போனார். மறுநாள் ஊரெல்லாம் அந்தப் படம்தான்.

அந்த வாரமே மகள் படுக்கையில் விழுந்தாள். முதலில் வாந்தி, பிறகு வயிற்றுவலி, உதடெல்லாம் கொப்புளம். டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"மீன்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எண்ணெய் போனது மேல மட்டும்தான். அடியில சேத்துல இருக்கும். சேத்தைத் தின்ற மீனோட உடம்புல அது ஏறும். உடனே நிறுத்துங்க."

"மீன்ல வாடையே இல்லையே டாக்டர்!" என்று அங்கேயும் வாதாடினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தி இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து நங்கென்று முன்னால் வைத்தாள்.

"கண்ணை மூடிட்டு மோந்து பாருங்க. இதுல எது மண்ணெண்ணெய்?"

"என்னடி, எனக்கே பரீட்சையா?"

"சொல்லுங்க."

மூக்கி ஒன்றை முகர்ந்தாள். மற்றதை முகர்ந்தாள். மறுபடி முதலாவதை. டம்ளருக்குள் மூக்கே நனையும்வரை இழுத்தாள். மூக்கு நுனி எரிந்தது. வாடை மட்டும் வரவில்லை.

"ஐயோ" என்றாள். வாடை போய்விட்டது என்று அன்றைக்குச் சொன்னாளே, தண்ணீரில் அது அப்படியேதான் இருந்திருக்கிறது. போனது அவள் மூக்கு. அந்த மூக்கை நம்பித்தான் பெற்ற பிள்ளைக்கு விஷத்தை ஊட்டியிருக்கிறாள்.

ஓரகத்தி "இப்பவாவது புரிஞ்சுதே" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

காலையில் சந்தை நடுவில் நின்று மூக்கி கத்தினாள். "என் மூக்கு செத்துப்போச்சு! நான் சொன்னேன்னு யாரும் மீன் வாங்காதீங்க!" பக்கத்துக் கடைக்காரி மண்ணை வாரித் தூற்றினாள். வாங்கித் தின்றவர்கள் அடிக்காத குறைதான். "எங்க வீட்டுக் குழந்தைங்க என்ன பாவம் செஞ்சுது?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கால்வாய் மீன் ஒரு கூடை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தாள். ஓரகத்தி போனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

தடுத்த காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீங்கதானேம்மா வாடையே இல்லன்னீங்க? ஊரே பார்த்துச்சே."

"ஆமா சார், சொன்னேன்."

கூடையை அப்படியே அவர் மேஜைமேல் கவிழ்த்தாள். ஏசி போட்டுப் பூட்டிய அறை. மீன்கள் வழுக்கிக்கொண்டு அவர் மடிவரை வந்தன. மேனேஜர் துள்ளி எழுந்து கைக்குட்டையால் மூக்கை இறுக்கிப் பொத்தினார்.

"ஏன் சார் மூக்கைப் பொத்துறீங்க? வாடைதான் இல்லையே! கையை எடுங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க!"

அவர் கையை எடுக்கவில்லை. வாசற்படியில் ஓரகத்தி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள். போனில் படம் பிடித்த கை மட்டும் ஆடவில்லை.

காவலாட்கள் இரண்டு பேரையும் பிடித்து வெளியே தள்ளினார்கள். ரோட்டுக்கு வந்ததும் ஓரகத்தி குனிந்து வாந்தி எடுத்தாள். மூக்கி காலிக் கூடையோடு நின்றாள்.

"அவ்வளவு நாத்தமாடி?"

"உயிர் போகுது அக்கா."

"குடுத்து வச்சவடி நீ" என்றாள் மூக்கி.